நின்ற இடத்திலேயே திரும்புவது

சென்னை, 14.8.1987

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நான் நலம். தாண்டிக்குடி மழையில் உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

ஆபீசில் சின்னச் சண்டை, பயப்படாதீர்கள். கம்ப்யூட்டரில் உள்ள பெயர் வரிசையைத் தலைகீழாகத் திருப்ப எங்கள் அதிகாரி சி மொழியில் ஒரு புரோகிராம் எழுதியிருந்தார். அந்த வரிசையில் ஒவ்வொரு பெயருக்கும் தன் முன்னால் யார், பின்னால் யார் என்று தெரியும்.

"சார், இது முதல் பேரோடயே நின்னுரும்," என்றேன்.

"காப்பித் தோட்டத்துப் பொண்ணு எனக்குச் சொல்லித்தர்றியா?"

"ஆமா சார், தோட்டத்துலதான் படிச்சேன்."

ஒற்றையடிப் பாதையில் காட்டுமாடு மறித்தால் நாம் மூட்டையோடு நின்ற இடத்திலேயே திரும்புவோமே, அதைச் சொன்னேன். முதல் ஆள் திரும்பியதும் அவர் முதுகுக்குப் பின்னால் யாருமில்லை, அடுத்தவர் முகத்துக்கு எதிரே நிற்கிறார். அதிகாரியோ இன்னும் முதுகுப் பக்கமே அடுத்த ஆளைத் தேடச் சொல்லியிருந்தார்.

சோதனைக்கு நம் தோட்டத்து வரிசையையே போட்டேன். அவர் எழுதியபடி ஓட்டினால் முன்னால் நடக்கிற கங்காணி பெயர் மட்டும் வந்தது. ஒரு வரியை மாற்றினேன், அத்தனை பேரும் திரும்பி வந்தார்கள். எதிர்த்துப் பேசியதற்கு மன்னிப்பு எழுதித் தரச் சொல்கிறார். தர மாட்டேன்.

கொஞ்சம் காப்பித்தூள் அனுப்புங்கள். என் பழைய கம்பளியையும் அனுப்புங்கள். இங்கே குளிரே இல்லை, இருந்தாலும் அனுப்புங்கள்.

தபால் எடுக்கிற நேரமாகிவிட்டது. கம்ப்யூட்டர் அடித்த தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். எப்போதும் கடைசியில் நடப்பீர்களே அம்மா, அதில் முதல் பெயர் மூக்கம்மா.

உங்கள் மகள்
தவமணி