பேப்பரில் விழுந்த புரை

மே 12

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது. ஒரு வரி மேட்டில் ஏறுகிறது, அடுத்தது பள்ளத்தில் இறங்குகிறது. பொறுத்துக்கொள்ள வேண்டும். இதைப் படிக்கப் போகிறவனும் நான்தான் என்பதால் என்னிடமே மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். கொடுத்துவிட்டேன்.

என் பேர் சக்கரவர்த்தி. ஆள்வது ஒன்றேகால் ஏக்கர் மரவள்ளி. இந்தப் பேரை நானே எழுத எழுபத்தொரு வயது ஆயிற்று. அப்பா கொஞ்சம் சின்னப் பேராக வைத்திருக்கலாம். ராசு என்று வைத்திருந்தால் அறுபதிலேயே எழுதியிருப்பேன்.

முதியோர் வகுப்பு நடத்தும் மணிமொழி, "தெனம் நாலு வரி எழுதுங்க ஐயா, கை படியும்" என்றது. கை படிகிறது. இந்த நோட்டில்தான் கோடுகளை மங்கலாகப் போட்டிருக்கிறான். மை மிச்சம் பிடிக்கிறான் போலிருக்கிறது.

மே 15

கல்வராயன் மலை மேல் பனி. காலையில் பனி, மத்தியானம் பனி. இந்த அக்கினி வெயிலில்கூட விலகவில்லை. வீட்டுக்காரி ஆண்டாளிடம் சொன்னேன். "வையாசி மாசத்துல ஏதுங்க பனி?" என்றாள். நாற்பத்தெட்டு வருடமாக நான் சொன்ன எதை அவள் ஒப்புக்கொண்டிருக்கிறாள், பனியை மட்டும் ஒப்புக்கொள்ள?

மே 24

பாப்பாத்தி டீக்கடையில் பேப்பர் படிப்பது கந்தசாமி. எனக்கு மச்சான் முறை. அந்தக் காலத்து எட்டாவது. கேட்கிற எங்களுக்கு உலகம் என்பது கந்தசாமியின் வாய்தான். தொண்டையைச் செருமுவார், பேப்பரை உதறுவார், பிறகு ஊருக்கே கேட்கிற மாதிரி ஆரம்பிப்பார். அதற்குக் கூலி ஒரு டீ, சர்க்கரை ஜாஸ்தியாக.

இன்று நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து பேப்பரின் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னா மச்சான், கலெக்டர் பரீச்சைக்குப் படிச்சிக்கினு கீறியா?"

கடையே சிரித்தது. சிரிக்கட்டும். தலைப்பு எழுத்தை நானே கூட்டிப் படித்துவிட்டேன்! 'மழை' என்று இருந்தது. சத்தியமாக மழைதான். எழுந்து ஒரு ஆட்டம் போடலாம் போலிருந்தது. முட்டி சம்மதிக்கவில்லை.

கீழே இருந்த பொடி எழுத்து ஒன்றும் பிடிபடவில்லை. எறும்பு ஊர்ந்து போன மாதிரி இருந்தது. பேப்பர்காரனும் மையில் தண்ணீர் கலக்கிறான்.

ஜூன் 2

இன்றைய சாதனை: செருப்பைத் தேடினேன். காலில் இருந்தது.

ஜூன் 8

இதை எழுதலாமா வேண்டாமா என்று இருக்கிறது. எழுதுகிறேன்.

பேப்பரில் உள்பக்கம் ஒரு பத்தி வரும். நாளைக்கு எந்தெந்த ஊரில் கரண்டை நிறுத்துவார்கள் என்று. பாப்பாத்திக்கு வேண்டிய செய்தி அது ஒன்றுதான். நாளை ராத்திரி மேலத்தெருக் காதுகுத்துக்கு ஐந்நூறு இட்லி சொல்லியிருக்கிறார்கள். கிரைண்டர் ஓட வேண்டும்.

"மாமா, நாளைக்கு நம்மூர்ல கரண்டு நிறுத்துறாங்களா பாரு. நிறுத்துனா இப்பவே ஊறப்போட்டு ராவோட ராவா ஆட்டிப்புடுவேன்."

கந்தசாமி பேப்பரைத் திருப்பினார், ஒரு இடத்தில் விரலை வைத்தார். "நம்மூரு பேரு இல்ல பாப்பாத்தி."

அதோடு நின்றிருக்கலாம். பாப்பாத்தி என் பக்கம் திரும்பி, "நீயும்தான் படிச்சிட்டியே, ஒருவாட்டி பாத்துச் சொல்லு மாமா" என்றாள்.

என்னைக் கேட்டாள்! எழுபத்தொரு வருடத்தில் எழுத்து சம்பந்தமாக என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. பேப்பரை வாங்கினேன். தூக்கிப் பார்த்தேன், தள்ளிப் பார்த்தேன். பத்தி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. ஒரே எறும்பு.

"ஆமாம், இல்ல" என்றேன்.

ஜூன் 9

காலை ஒன்பதுக்குக் கரண்டு போயிற்று. பொழுது சாயத்தான் வந்தது.

அரிசியும் உளுந்தும் குண்டானில் நுரை கட்டிக்கொண்டு கிடந்தன. காதுகுத்து வீட்டார் கச்சிராயபாளையத்தில் ஓட்டல் இட்லி வாங்கிக்கொண்டார்கள். பாப்பாத்தி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். கெட்டுப்போன உளுந்தைக் கொண்டுபோய் என் கண்ணெதிரே மாட்டுத் தொட்டியில் கொட்டினாள்.

கந்தசாமி உடனே சொன்னார்: "நான் கண்ணாடி எடுத்தாரல. இவன்தான் உத்துப் பாத்து இல்லன்னான்."

அடப்பாவி. கண்ணாடி இல்லாமல்தான் அத்தனை செய்தியும் படித்தாயா?

ஜூன் 10

பாப்பாத்தி சொன்னது: "இனிமே பேப்பர்ல கைய வைக்காத மாமா."

சரி.

ஜூன் 17

ஒரு வாரமாக வகுப்புக்குப் போகவில்லை. படித்த எழுத்து மறந்துபோகிறது என்று நினைக்கிறேன். காலையில் ஏறினது சாயங்காலம் இறங்கிவிடுகிறது. வயசான மண்டை ஓட்டைக் குடம்தானே. ஒரு வருடம் குந்திக் குந்தி முட்டி தேய்ந்ததுதான் மிச்சமா? என் பேரைக் கைநாட்டாகவே வைத்திருக்கலாம். கட்டைவிரல் ஒரு நாளும் யார் உளுந்தையும் கெடுத்ததில்லை.

சாயங்காலம் மணிமொழியே வீட்டுக்கு வந்தது. அடுப்புக்கரியை எடுத்துச் சுவரில் பானை பானையாகப் பெரிய எழுத்து எழுதியது. படித்தேன். கோமுகி அணை. இன்னொன்று எழுதியது. மரவள்ளிக் கிழங்கு. படித்தேன். பிறகு ஒரு புத்தகத்தை நீட்டியது. எறும்பு.

"ஐயா, எழுத்து ஒண்ணும் மறக்கல. கண்ணுல புரை வுழுந்திருக்குது."

உள்ளேயிருந்து ஆண்டாள்: "நான் மூணு வருசமா சொல்லிக்கினு கீறேன், கேட்டாரா? மலை மேல பனின்றாரு!"

சுவரைக் கரியாக்கியதற்கும் எனக்குத்தான் திட்டு. ஆனாலும் சொல்கிறேன், இன்று ராத்திரி சோறு இரண்டு மடங்கு இறங்கியது. மண்டை ஓட்டை இல்லை!

ஜூன் 29

கச்சிராயபாளையத்தில் கண் முகாம். என் வயதுக்காரர்கள் எல்லாம் கல்யாண வீடு மாதிரி வந்திருந்தார்கள். ஒருவரை ஒருவர் தடவிப் பார்த்துத்தான் அடையாளம் கண்டோம்.

டாக்டரம்மா விளக்கை அடித்துப் பார்த்தது. "ரெண்டு கண்ணுலயும் முத்திப்போச்சு தாத்தா. இத்தனை நாள் எப்படி நடமாடினீங்க?"

"பழக்கத்துலதாம்மா" என்றேன்.

முதலில் வலது கண்ணாம். இடது பிறகாம். சுவரில் எழுத்துப் பலகை மாட்டியிருந்தார்கள். படிக்காதவர்களுக்கு வேறொரு படம் இருக்கிறது என்று நர்சம்மா எடுக்கப் போனது. "வாணாம்மா, நான் படிச்சவன்" என்றேன். மேலே இருந்த ஒரே ஒரு பெரிய எழுத்துதான் தெரிந்தது. அதைச் சத்தமாகப் படித்தேன்.

ஜூலை 3

வலது கண் முடிந்தது. ஒரு வாரம் எழுதக் கூடாது என்றார்கள். இது எழுத்து இல்லை, தகவல்.

ஜூலை 12

மலையில் மரங்கள் இருக்கின்றன.

தனித்தனியாக இருக்கின்றன. ஒரு பாறை இருக்கிறது, அதன் மேல் வெள்ளையாக ஒரு கோடு, தண்ணீரோ என்னவோ. பல் விளக்க மறந்து நின்றுவிட்டேன். "பனி விலகிடுச்சு ஆண்டாளு" என்றேன். "இன்னா, டாக்டரம்மா ஊதி வுட்டாங்களா?" என்றாள்.

பிறகு முன்னால் வந்து நின்றாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நல்லா தெரியுதா?"

இந்தக் கேள்விக்குப் பதில் எழுதும் அளவுக்கு நான் இன்னும் படிக்கவில்லை. "வூட்டுக்கு சுண்ணாம்பு அடிக்கணும்" என்றேன். எதைச் சொல்கிறேன் என்று அவள் விசாரிக்கவில்லை. பிழைத்தேன்.

என் வேட்டி வெள்ளை இல்லை என்பதும் இன்றுதான் தெரிந்தது.

ஜூலை 13

இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். ஜூன் எட்டின் மேலேயே ஜூன் ஒன்பதை எழுதி வைத்திருக்கிறேன். நோட்டில் கோடு நன்றாக, கறுப்பாக, பளிச்சென்று போட்டிருக்கிறான். அவனிடமும் ஒரு மன்னிப்பு.

ஜூலை 28

இன்று கறுப்புக் கண்ணாடியோடு டீக்கடைக்குப் போனேன். ஒரு மாதமாகக் கந்தசாமியைச் சபையில் வைத்துக் கேட்க ஒரு வாக்கியம் தயார் பண்ணி வைத்திருந்தேன். 'மச்சான், அன்னைக்கு என் தலையில கட்டுனியே, இன்னைக்கு ரெண்டு பேரும் படிப்போம், யாரு படிச்சவன்னு பாப்போம்.' நடந்துகொண்டே சொல்லிப் பார்த்தேன். நன்றாகவே இருந்தது.

அவர் படித்துக்கொண்டிருந்தார். சேலத்தில் மழை என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அந்தப் பக்கத்தில் சேலமும் இல்லை, மழையும் இல்லை. தங்கம் விலை என்றார். நேற்று ராத்திரி டி.வி.யில் சொன்ன விலை. மனசுக்குள் துள்ளினேன். வாக்கியத்தை நாக்கு நுனிக்குக் கொண்டுவந்தேன்.

பாப்பாத்தி கேட்டாள், என்னை இல்லை, அவரை. "நாளைக்குக் கரண்டு எப்படி மாமா? மில்லுக்காரங்க முந்நூறு இட்லி சொல்லிக்கிறாங்க."

கந்தசாமி பக்கத்தைத் திருப்பினார். விரலை வைத்தார். விரல் இருந்தது ஒரு ஜவுளிக்கடை விளம்பரத்தில், பட்டுச்சேலை கட்டிய பெண்ணின் மூக்கில்.

"நம்மூரு இல்ல. சின்னசேலம் பக்கந்தான்."

சொல்லிவிட்டு வெளிச்சத்துப் பக்கம் முகத்தைத் திருப்பினார். அப்போதுதான் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் கறுமணிக்குள் வெள்ளை. வேகவைத்த மீனின் கண் மாதிரி. எத்தனை நாளாகப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்! என் புரைக்கு அவர் புரை எப்படித் தெரியும்?

வாக்கியத்தை அப்படியே விழுங்கினேன்.

"குடு மச்சான். வாத்தியாரம்மா வூட்டுப்பாடம் குடுத்துக்கிறாங்க, நானும் கொஞ்சம் கூட்டிப் பாக்கிறேன்" என்று பேப்பரை உருவினேன். நாலாம் பக்கத்தில், அடியில் இருந்தது அந்தப் பத்தி. விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக. எனக்காக டீ ஆறிக்கொண்டிருந்தது, கடையும் காத்துக்கொண்டிருந்தது. நம் ஊர் பேர் மூன்றாவதாக இருந்தது.

"மச்சான் சொன்ன மாதிரி சின்னசேலம் பக்கந்தான். கூடவே நம்மூரும் ஒட்டிக்கினு இருக்குது. பொடி எழுத்து, யாருக்கும் தப்பிப்போவும்."

பாப்பாத்தி இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "உன்னய நம்பி ஒருவாட்டி உளுந்து போச்சு மாமா."

"அன்னைக்குப் பாத்தது பழைய கண்ணு. இது புதுசு."

அவள் கொஞ்ச நேரம் என் கறுப்புக் கண்ணாடியையே பார்த்தாள். பிறகு அரிசிக் குண்டானை எடுத்துக்கொண்டு ஊறப்போட உள்ளே போனாள்.

கந்தசாமி டீயை முடிக்காமல் எழுந்துவிட்டார்.

ஜூலை 29

ஒன்பது மணிக்குக் கரண்டு போயிற்று! கரண்டு போனதற்குக் கை தட்டிய ஒரே ஆள் இந்த ஊரில் நான்தான். ஆண்டாள், கண்ணோடு சேர்த்து வேறெதையோ எடுத்துவிட்டார்களா என்று பார்த்தாள்.

கந்தசாமி கடைக்கு வரவில்லை. அவர் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் இருந்தார். யார் வருகிறார்கள் என்று காலடிச் சத்தத்தில்தான் கண்டுபிடித்தார்.

"கேலி பண்ண வந்தியா?"

"எத்தினி நாளா மச்சான்?"

"ரெண்டு பொங்கலா. தலப்பு தெரியும். அப்பறம் அதுவும் போச்சு."

"அப்ப இவ்ளோ நாளு நீ படிச்சது?"

"டி.வி.ல கேட்டது பாதி. நான் போட்டது பாதி." கொஞ்சம் பெருமையாகவே சொன்ன மாதிரி இருந்தது. பிறகு குரல் இறங்கிவிட்டது. "கண்ணு தெரியலன்னா இன்னாத்துக்குய்யா என்னயக் கூப்புடுவாங்க? எனக்குன்னு இன்னா கீது? நாலு பேரு கேக்குறாங்க. அவ்ளோதான்."

வையலாம் என்றுதான் போனேன். ஜூன் மாதத்துக்கு நான் வைய வேண்டிய பாக்கி நிறைய இருந்தது. ஆனால் அன்றைக்கு 'ஆமாம், இல்ல' என்ற வாய் யாருடையது? என்னை ஒரு தடவை கேட்டதற்கே நான் பொய் சொன்னேன். இவரை நாற்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

"ஆபரேசன் வலிக்குமா?" என்றார்.

"ரொம்ப. டாக்டரம்மா அசையாம படுங்கன்னாங்க. படுத்தேன். தூங்கிட்டேன். எழுப்பி, முடிஞ்சிடுச்சு தாத்தான்னாங்க. எழுப்புனதுதான் வலிச்சிது."

சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். புரை விழுந்த கண்ணிலும் தண்ணீர் மட்டும் சரியாக வருகிறது.

ஆகஸ்ட் 6

புது ஏற்பாடு நடக்கிறது. கடையில் நான் எழுத்துக் கூட்டி அவர் காதோடு சொல்வேன். அவர் செருமிக்கொண்டு ஊருக்கே சொல்வார். நான் ஒரு செய்தியை முடிப்பதற்குள் கேட்கிறவர்கள் ஒரு சுற்று வெற்றிலை போட்டுவிடுகிறார்கள். செய்தி கம்மி, ஆனால் எல்லாம் நடந்தது. சிலருக்கு அதில் குறை. "முன்ன மாதிரி சொவாரசியமா இல்லயே மாமா" என்று ஒருவன் கேட்டான். கந்தசாமி, "ஒலகம் அப்பிடி ஆயிப்போச்சு தம்பி" என்றார்.

பாப்பாத்திக்கு எல்லாம் தெரியும். இன்று கேட்டேவிட்டாள்: "ஒரு பேப்பருக்கு ரெண்டு ஆளு. டீ மட்டும் ஒண்ணுதானே?" சொல்லிவிட்டு இரண்டு தம்ளர் வைத்தாள். இரண்டிலும் முழுசாக.

புதன்கிழமை முகாம் வண்டி வருகிறது. எனக்கு இடது கண், அவருக்கு வலது. வண்டியில் ஜன்னல் ஓரம் தனக்குத்தான் வேண்டும் என்கிறார். பார்ப்பதற்கு அவரிடம் என்ன கண் இருக்கிறது என்று கேட்டேன். "வரும்போது வேணும்யா" என்றார்.

கட்டுப் பிரித்ததும், அடுத்த வாரம், கந்தசாமி முதலில் எதைப் பார்த்தார் என்று இங்கே எழுதுவேன். அப்போதும் எழுத்து கோணலாக இருந்தால், சொல்வதற்கு வேறு காரணம் ஒன்றும் கைவசம் இல்லை.