பதினாலு தடவை அமுக்கின விண்ணப்பம்

கோமதி,

நீ பழவங்காடிப் பிள்ளையாரைத் தொழுதுவிட்டுத் திரும்புவதற்குள் உன் ஆத்துக்காரர் ஆபீசுக்கு ஓடியிருப்பார். நேரில் முகம் காட்டத் தைரியமில்லை. சாவி அடுத்தாத்து மாமியிடம்.

நேற்று பிரிண்டர் ஏன் அசையவில்லை என்று காலையில் கண்டுபிடித்தாயிற்று. கம்ப்யூட்டரில் லினக்ஸ் கிளம்ப நேரமாகிறதென்று, பின்னால் சும்மா ஓடுகிற வேண்டாத சர்வீஸ்களையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை நிறுத்தினாரே மகாமேதை, அதில் 'எல்.பி.டி.' என்று ஒன்று. என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. தெரியாததால் வேண்டாதது என்று முடிவுகட்டிவிட்டார். அச்சடிக்கிற வேலையே அதனுடையதாம்.

"உனக்கு அமுக்கத் தெரியலை, இன்னொருதரம் அமுக்கு" என்று உன்னைப் பதினாலு தடவை அமுக்க வைத்தவரும் அவர்தான். "நீங்கதான் எதையோ நோண்டியிருக்கேள்" என்று நீ சொன்னதற்குக் கத்தியவரும் அவரே. இன்று அதை ஓடவிட்டதும், வரிசையில் காத்திருந்த உன் டீச்சர் வேலை விண்ணப்பம் பதினாலும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. நல்லதாக ஒன்று மேஜைமேல் இருக்கிறது. கையெழுத்துப் போட்டு மூன்று மணிக்குள் ஸ்கூலில் கொடுத்துவிடு. இன்றுதான் கடைசி நாள்.

ஹரிஹரன்

பி.கு.: தோசை மாவு பொங்கி வழிந்தது. ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டேன்.

இன்னொன்று: வேறு காகிதம் மிச்சமில்லாததால் இதைப் பதினாலாவது பிரதியின் முதுகில் எழுதினேன். இப்போதுதான் திருப்பிப் பார்த்தேன். 'கணவரின் தொழில்' என்ற இடத்தில் 'பேங்க் கிளார்க், கம்ப்யூட்டர் நிபுணர்' என்று போட்டிருக்கிறாய். சண்டைக்கு முன்னால் அடித்தது. கையெழுத்துப் போடுகிற பேனாவாலேயே அந்த 'நிபுணர்'மேல் கோடு கிழித்துவிடலாம். கிழிக்காமல் கொடுத்தால் ஆபீசுக்கு ஒரு போன் போடு. சாயங்காலம் நேரத்தோடு வந்துவிடுகிறேன்.