ஸ்டெல்லாவின் இடது கை

11-11-91, திங்கள்
காலையிலிருந்து விடாத மழை. லீவு போட்டு மகள் ஸ்டெல்லாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். பஸ்ஸுக்குள்ளும் ஒழுகல். கஞ்சி கொட்டி வெந்த புண் ஆறிவிட்டது. ஆனால் முழங்கை மடங்கினது மடங்கினபடி. ஏழு வயசுப் பெண், கையை நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொண்டே நடக்கிறாள்.

எக்சர்சைஸ் அம்மா (பெயர் தெரியாது, அங்கே எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்) பட்டென்று சொல்லிவிட்டார். "தோல் சுருங்கிக்கிட்டே போவுது. தினம் நீவி நீட்டலைன்னா கை இப்படியே நின்னுடும். அப்புறம் கத்திதான்."

பிறகு என் தோளில் ஒரு அமுக்கு. உயிர் போய் வந்தது. "இன்னா சார், தோளு காதுகிட்ட ஏறி நிக்குது? நீங்க வெறைச்சிக்கினு தொட்டா கொழந்தையும் வெறைக்கும்." வருஷக்கணக்காகக் கம்பெனியில் பிரஸ் மெஷின் முன்னால் நிற்கிறவன் தோள் வேறு எப்படி இருக்குமாம்.

முறை: எண்ணெயை வெதுவெதுப்பாக்கித் தடவ வேண்டும். பிறகு சும்மா கை வைத்திருக்க வேண்டும், இழுக்கக் கூடாது. அவள் மூச்சு நிதானமானதும் மெல்ல நீட்டல். முடிந்தபின் மறுபடி சும்மா கை. "சும்மா வெக்கிறதுதான் சார் பாதி வேலை." நல்ல வேலை!

வாங்க: தே. எண்ணெய், பஞ்சு, சைக்கிள் டியூப்.

வீட்டுக்கு வந்து சொன்னால், என் மனைவி அற்புதம் முடியாது என்றுவிட்டாள். "கஞ்சி வடிச்சது நானு. எங்கையாலயே கொழந்தய கத்த வெக்க சொல்றியா? பெத்தவளால ஆவாதுய்யா. நீயே பாரு." சரி, நானே.

12-11, செவ்வாய்
தூறல். முதல் ஷிஃப்ட். சாயங்காலம் ஆரம்பித்தேன். எண்ணெய் தடவி, கையைச் சும்மா வைத்தேன். கொஞ்ச நேரத்தில்தான் தெரிந்தது, நான் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். வயிறுகூட இறுக்கம். தோளை இறக்கினால் தானாக மறுபடி ஏறுகிறது. இந்த உடம்பை இத்தனை நாள் யார் வைத்திருந்தது? வேடிக்கைதான்.

மூச்சை விட்டேன். அவளும் விட்டாள். "கை சூடா கீதுப்பா. நல்லா கீது." அப்படியே கண் சொருகிவிட்டது. தூக்கத்தில் முழங்கை லேசாக இறங்கி வந்தது. நான் இழுக்கவேயில்லை. அற்புதத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு வீட்டில் சந்தோஷம்.

டியூப் மறந்தேன்.

14-11, வியாழன்
மழை. ஓ.டி. மெஷின் இரண்டு தடவை சிக்கி நின்றது. சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும், "தூங்க வந்தியா, வேலைக்கு வந்தியா?" தலையைக் குனிந்து மறுபடி மெஷினைப் போட்டேன். காற்று இறங்கின டியூபோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தேன்.

ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன். "நாளைக்கிப்பா" என்றாள். எரிச்சல். எண்ணெய் தடவினது பாதி, தடவாதது பாதி. சும்மா கை வைக்க யாருக்குப் பொறுமை? நேராக நீட்டினேன். அலறினாள். அலறலில் எனக்கு இன்னும் வெறி ஏறியது, விடவில்லை. பக்கத்து வீட்டுக் குரல் சுவருக்கு மேலே: "புள்ளய இன்னா பண்றான் அந்த ஆளு?"

தழும்பு பிளந்து ரத்தம். அற்புதம் என் கையைத் தட்டிவிட்டாள். "நீ மனுசனாய்யா?"



15-11, வெள்ளி
ஷிஃப்ட் முடிந்து வந்தால் வீடு பூட்டு. அற்புதம் வல்லக்கோட்டையில் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாளாம், குழந்தையோடு. சாவி பக்கத்து வீட்டில். கொடுக்கும்போது ஒரு பார்வை பார்த்தார்கள்.

சோறு நானே வடித்தேன்.

17-11, ஞாயிறு
வெயில் கொஞ்சம். கோயிலுக்குப் போகவில்லை. டியூப் மாற்றி வல்லக்கோட்டைக்கு மிதித்தேன்.

ஸ்டெல்லா கையை மடித்து, பழைய தாவணியால் கழுத்தோடு தூளி மாதிரி கட்டியிருந்தார்கள். அற்புதத்தின் அக்காவுக்குப் பெருமை. "பாருங்க, வலியில்லாம தூங்குது. நீங்க போட்டு இழுத்து வதைக்கிறீங்க." அவிழ்த்துப் பார்த்தேன். திங்கட்கிழமையைவிட மோசம். கட்டை.

"மடிச்சி வெச்சா வலிக்காது, மடிஞ்சே போயிடும்!" என்று கத்தினேன். தெருவே வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டும். அற்புதம் கிட்டே வந்து ஸ்டெல்லா கையைத் துளி நீட்டிப் பார்த்தாள். வரவில்லை. துணிமணியைப் பையில் போட்டாள். ஸ்டெல்லாவை முன் கம்பியில் உட்கார வைத்தேன். அற்புதம் பையோடு பின்னால் ஏறிக்கொண்டாள்.

19-11, செவ்வாய்
ஆஸ்பத்திரி. எக்சர்சைஸ் அம்மா அளந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "தீவிரமா பண்ணணும் சார். இனிமே ஒரு நாள்கூட விடக்கூடாது." அப்புறம், "சும்மா கை வெக்கிறீங்களா?"

"வெக்கிறேம்மா." பொய். தொட்டாலே நடுங்குகிறாள், எங்கே சும்மா வைப்பது. வைப்பதைவிடச் சீக்கிரம் நீட்டி முடித்துவிடலாம் என்று தோன்றுகிறது.

22-11, வெள்ளி
அடைமழை. தினமும் நடக்கிறது. அற்புதம் ஸ்டெல்லாவின் தலையைப் பிடித்துக்கொள்கிறாள், நான் கையை நீட்டுகிறேன். முதலில் ஸ்டெல்லா கத்தினாள். இப்போது கத்துவதில்லை. பாயின் ஓரத்தைக் கடித்துக்கொள்கிறாள். பழகிவிட்டாள் என்று நினைக்கிறேன்.

கழுத்து வலி எனக்கு. அமிர்தாஞ்சன்.

28-11, வியாழன்
மழை விட்டது. ஆஸ்பத்திரி. கை முக்கால்வாசி நீள்கிறது! "கத்தி வேணாம். கொழந்த தப்பிச்சிச்சி" என்றார் எக்சர்சைஸ் அம்மா. அற்புதம் வராந்தாவிலேயே அழுதாள்.  பஸ் ஸ்டாண்டில் ஸ்டெல்லாவுக்குப் பன் பட்டர். இடது கையாலேயே வாங்கிக்கொண்டாள். பார்க்கப் பார்க்க ஆசை.

30-11, சனி
மேகமூட்டம். முதல் ஷிஃப்ட். ரேஷன் கடை மூடல்.

சாயங்காலம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கீரைச் சாதம். ஸ்டெல்லா என் பக்கத்தில். அவளிடம் கையைக் கொண்டு போனேன். உடனே தட்டைத் தள்ளி வைத்தாள். இடது கையை நேராக என் முன்னால் நீட்டிக் கொடுத்தாள். முகத்தைச் சுவர் பக்கம் திருப்பி, கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

அவள் கன்னத்தில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. அதைத் துடைக்கத்தான் போனேன்.