கடல் களையும் அரிசி

தை 21, செவ்வாய். திருத்தணி.

அந்தமானில் மகள் வீட்டுக்குப் போய்விட்டு நேற்றுதான் திரும்பினேன். அங்கே ஒரு கடற்கரையில் கேட்ட சத்தம் இன்னும் காதைவிட்டுப் போகவில்லை.

அங்கே மணலே இல்லை. கண்ணுக்கு எட்டிய மட்டும் கூழாங்கற்கள், முட்டையைப் போல வழவழவென்று. அலை பின்வாங்கும்போது அத்தனை கல்லும் சேர்ந்து உருண்டன. முப்பது வருடமாகக் கல்யாண வீடுகளில் சமைக்கிறவள் நான். அண்டாவில் அரிசி களைகிற சத்தம் எனக்குத் தெரியாதா? ஆனால் அவ்வளவு பெரிய அண்டாவை நான் பார்த்ததில்லை. என்னையறியாமல் குனிந்து கல் பொறுக்க ஆரம்பித்துவிட்டேன்.

"இன்னாம்மா பண்ணிகினு கீற?" என்றாள் மகள்.

"கல்லு பொறுக்கறேன்டி."

"அரிசி எங்கம்மா? எல்லாமே கல்லுதான்."

அவள் சிரித்தாள். நான் கடலைப் பார்த்தேன். எத்தனை காலமாகக் களைகிறது இந்தக் கடல், இன்னும் உலை வைக்கவில்லையே என்று நின்றேன்.

இன்று கே.ஜி.கண்டிகையில் ஒரு வளைகாப்புச் சமையல். அரிசி களையும்போது விரலில் ஒரு கல் நெருடியது. வழக்கமாகச் சுண்டி எறிந்துவிடுவேன். இன்று எறியக் கை வரவில்லை. முந்தானையில் முடிந்து கொண்டுவந்துவிட்டேன்.

மிளகளவுகூட இல்லை. இந்த நோட்டின் மேல் வைத்துத் தடவிப் பார்க்கிறேன். இதுவும் வழவழவென்றுதான் இருக்கிறது.