மர ஸ்கேலில் படிந்த பனி

பாளையங்கோட்டை,
3.11.2025

அன்புள்ள ரீபா,

கர்த்தருடைய கிருபையால் நானும் அவரும் பிள்ளை ஸ்டெபியும் சுகம். நார்வேயில் பனி கொட்ட ஆரம்பித்திருக்கும். ஐஸ் கடலில் மீன் ரத்தம் ஏன் உறைவதில்லை என்று ஆராய்கிறவளுக்கு நான் சொல்ல வேண்டுமா? இருந்தாலும் காதை மூடிக்கொள்.

மெயில் இருக்கத் தபால் எதற்கு என்று சிரிப்பாய். மெயிலுக்கு உடனே பதில் வந்துவிடும். அதற்குத்தான் பயம்.

நம் கெண்டையை மறுபடி ஆற்றில் பெருக்கப் பணம் கிடைத்துவிட்டது, ஜனவரியில் வருகிறேன் என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனம் முக்கூடல் படித்துறைக்கு ஓடிவிட்டது. மீன்பிடிக்கிற முத்துமாலை அண்ணாச்சி ஆண்மீனை ஈரத்துண்டில் சுற்றித் தருவார். நீ வயிற்றைப் பைய அமுக்கி விந்தெடுப்பாய். நான் அதை மெல்லிய ஸ்ட்ராக் குழாயில் அடைத்து, உறையவைக்க நைட்ரஜன் கேனில் இறக்குவேன். "ஆம்பள மீனுக்கா பிரசவம் பாக்குதிய, தாயி?" என்று அவர் கேட்டாரே! நீ சிரித்த சிரிப்பில் மீன் கைநழுவி ஆற்றுக்கே போய்விட்டது. இப்போது பெண்மீன் ஒன்றிரண்டாவது வலையில் விழுகிறதாம். ஆண்மீன் கண்ணிலேயே படவில்லை என்கிறார்.

ஆய்வகத்துக்கு வந்த பிள்ளைகளுக்குக் காட்டுகிறேன் என்று உன் ரப்பர் செருப்பு வாரைத் திரவ நைட்ரஜனில் முக்கி அப்பளமாய் நொறுக்கினாய். பஸ் ஸ்டாண்டு வரை வெறுங்காலோடு நடந்துகொண்டே, "ஏட்டி, செருப்புதான் நொறுங்கும். உயிரு உள்ள உறங்கும். குளிரு கொல்லாது, இடையில உருகுனாதான் சாவு" என்றாய். அந்த நாட்களுக்கு மனம் ஏங்குகிறது ரீபா.

இனியும் மறைக்க முடியாது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் நிவாரண முகாமில் சோறு பொங்கப் போனவள், ஒன்பது நாள் கேன் பக்கம் போகவில்லை. நைட்ரஜன் நிரப்பவேண்டிய வாரம் அது. மறந்தேபோனேன். கிறிஸ்மஸ் ஆராதனை முடிந்து ஓடிப்போய், நாம் வழக்கமாக அளக்கும் மர ஸ்கேலை விட்டெடுத்து ஆட்டினேன். நைட்ரஜன் நிற்கும் உயரம்வரை பனி படியுமே, நான்கு விரற்கடைதான் படிந்தது. கீழ் அடுக்கு முழுகியிருந்தது, மேல் அடுக்கு வெளியே. மறுநாளே நிரப்பினேன். வெள்ளச் செய்தி பார்த்து நீ பதறிக் கேட்டபோது, "கேன் நிறைந்திருக்கிறது" என்று எழுதினேன். எழுதிய அன்று நிறைந்துதான் இருந்தது. அந்தச் சாமர்த்தியத்தை இரண்டு வருடமாக மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

போன திங்களன்று மேல் அடுக்கில் மூன்று ஸ்ட்ராவை உருக்கிப் பார்த்தேன். மைக்ரோஸ்கோப்பில் ஒன்றும் அசையவில்லை. அந்த அடுக்கின் நூற்றிருபதும் போச்சு. பிறகு கீழ் அடுக்கில் ஒன்றே ஒன்று. படித்துறையில் மொண்டுவந்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டேன். பன்னிரண்டு வருடம் உறங்கியவை ஓடின, ரீபா! பாதிதான், அரை நிமிடம்தான். ஆனாலும் ஓடின. பக்கத்தில் நீ இல்லையே என்று அழுதேன்.

உன் திட்டத்தில் இருநூற்று நாற்பது ஸ்ட்ரா என்று போட்டிருப்பாய். நூற்றுப்பத்தொன்பது என்று திருத்திவிடு. பணம் கொடுத்தவர்கள் கேட்டால், ஆய்வக உதவியாளர் கெசியாவின் கவனக்குறைவு என்றே எழுது. எனக்கு வருத்தமில்லை.

மீதியை நான் தொடமாட்டேன், நீ வந்துதான் உருக்க வேண்டும். கோபமிருந்தால் கோபத்தோடு வா. வராமல் மட்டும் இருந்துவிடாதே. உன் அளவில் ரப்பர் செருப்பு ஒரு ஜோடி வாங்கி, கேனுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். நொறுக்கினாலும் நொறுக்கு.

கர்த்தர் உன்னைச் சேதமில்லாமல் கொண்டுவந்து சேர்ப்பாராக. இன்று காலையும் ஸ்கேலை விட்டுப் பார்த்தேன். கேன் நிறைந்திருக்கிறது.

உன்,
கெசியா