சந்தவாசல் கல் குழி

ஐப்பசி, ஞாயிறு இரவு

குமார் செத்துப்போனான். என் கணவரோடு ஒரே இடத்தில் தறி ஓட்டுகிறவன். கோயிலுக்குப் போய்விட்டு மூவரும் திரும்பும்போது, சந்தவாசல் பக்கம் கிணறுபோல ஆழமான, கைவிட்ட கல் குழி ஒன்றைப் பார்த்து வண்டியை நிறுத்தினான். வெள்ளைக் கல் வரியோடும் பாறைக்குள் நல்ல விலைபோகும் ஊதாக் கல் விளையும் என்று யாரோ சொல்லியிருந்தார்களாம். மரத்தில் கயிறு கட்டி இறங்கினான்.

"கெடச்சிச்சிடா சேகரு! கத்திரிப்பூ கலர்ல மின்னிகினு கீது!" என்று உள்ளிருந்து என் கணவரிடம் கத்தினான். பிறகு இருமினான். விழுந்த சத்தம் கேட்டது.

கணவர் கயிற்றைப் பிடித்தார். நான் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

"வாணாங்க, உள்ள விஷக்காத்து. எறங்கினா நீங்களும் வரமாட்டீங்க."

உதறினார், அடித்தார். நான் விடவில்லை.

தீயணைப்புக்காரர்கள் முகமூடி போட்டு இறங்கி உடலைத் தூக்கினார்கள். "நீயும் எறங்கியிருந்தா ரெண்டு பொணம்பா," என்றார் ஒருவர்.

குமார் மனைவியிடம் கணவர்தான் போய்ச் சொன்னார். வந்து சாப்பிடாமல் படுத்தார். சற்றுமுன் சுவரைப் பார்த்தபடியே கேட்டார்: "விழுந்தப்புறம் என் பேரச் சொல்லி கூப்ட்டான். உனக்குக் கேட்டுச்சா?"

இல்லை என்றேன்.

எனக்கும் கேட்டது.