நீலக் கலர் ஜூஸ்

தாளாளர் அவர்களுக்கு,

வேறு எப்படியும் அழைக்கக் கை வரவில்லை.

நம் பெண் பிழைத்துவிட்டாள். வயிற்றைக் கழுவிவிட்டார்கள். தொண்டைதான் புண்ணாகிக் கிடக்கிறது. நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய மேனேஜர் பழக்கூடையோடு வந்தார். "பாப்பா வீட்ல ஏதோ ஒத்துக்காதத சாப்பிட்டுட்டான்னு டாக்டர்கிட்ட சொல்லணுமாம் மேடம்" என்றார். கூடையை அவர் கையிலேயே திருப்பித் திணித்துவிட்டேன்.

ஆண்டு முழுக்கப் பூட்டிக் கிடக்கும் லேபை அட்மிஷன் நாளில் மட்டும் திறந்து, பிள்ளைகளுக்கு வெள்ளைக் கோட்டு மாட்டி, குடுவைகளில் நீலக் கலர் ஜூஸை ஊற்றி நிற்க வைப்பது உங்கள் மூளையில் உதித்ததுதானே? பெற்றோர்கள் வாயைப் பிளந்துவிட்டுப் போனதும் பிள்ளைகள் அதை மடக் மடக்கென்று குடிப்பார்கள். வேண்டாம் என்று நான் கத்தியது உங்கள் காதில் ஏறவே இல்லை. நேற்று கல்வித்துறை ஆய்வாளர்கள் வருகிறார்கள் என்று, அதே குடுவைகளில், அதே நீலத்தில், நிஜ காப்பர் சல்பேட்டைக் கரைத்து வைத்தீர்கள். பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொன்னீர்களா? என்னிடமாவது?

ஆய்வாளர்கள் போனதும் இவள் வழக்கம்போல் குடித்துவிட்டாள்.

கண் விழித்ததும் கேட்டாள்: "அப்பாவோட லேப்ல எதுவும் நிஜமா இருக்காதேம்மா?"

என்ன குடித்தாள் என்று டாக்டர் கேட்டார், சொன்னேன். எங்கே என்றார், அதையும் சொன்னேன். யார் வைத்தது என்று கேட்க ஒரு போலீஸ்காரர் கீழே காத்திருக்கிறார்.

லேபைப் பூட்டிவிடாதீர்கள். பார்க்க வருவார்கள். இந்த முறை யாருக்கும் கோட்டு மாட்ட வேண்டாம்.

இன்று வரை உங்கள் பள்ளியின்
கெமிஸ்ட்ரி டீச்சர்